நாலு விரல் வறட்டி

தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சொல்வார்கள். அந்த வருஷத்துப் பனிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மார்கழி பிறந்ததுமே வல்லத்திராக்கோட்டைக்கு வந்து, நேராகச் செவந்தியின் வீட்டுக்குள் புகுந்துகொண்டது.

புகுவதற்கு வழி இருந்தது. கூரை வீடு. வாசலுக்குத் தட்டிக் கதவு. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை தாராளமாக நுழையலாம். பூனைக்கு விட்ட வழி பனிக்கு மட்டும் அடைத்திருக்குமா என்ன?

செவந்திக்குப் பத்து வயது. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் ஆத்தா ராக்காயி, செவந்தி, ஒன்றரை வயதுத் தம்பி குழந்தைசாமி. மூன்று பேரில் சத்தம் அதிகம் போடுகிறவன் அவன்தான். போன வாரம் இருமல் வந்து அவன் சத்தமும் குறைந்துபோனது. வெந்நீரில் குளிப்பாட்டித் துணியில் சுற்றினால் கொஞ்சம் தூங்குவான். பச்சைத் தண்ணீர் பட்டால் அழுவான். அழுதால் இருமுவான். இருமினால் மறுபடியும் அழுவான்.

வெந்நீருக்கு நெருப்பு வேண்டும். நெருப்புக்கு வறட்டி வேண்டும். வறட்டிதான் இல்லை.

ஏன் இல்லை என்பது செவந்திக்குத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாணியில் வைக்கோல் தூளைப் போட்டுப் பிசைந்து, உருட்டி, சுவரில் கையால் பளாரென்று தட்டினால் அதுதான் வறட்டி. காய்ந்ததும் பெயர்த்து எடுத்து அடுக்கிவைத்தால் மழைக்காலம் முழுக்க அடுப்பு எரியும். புரட்டாசி வெயிலில் ஆத்தா தட்டித் தட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தாள். காட்டு வேலைக்குப் போகும்போதெல்லாம், "மழை வந்துச்சுன்னா ஓலையை இழுத்து மூடிரு, செவந்தி" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

மழை வந்தது. அந்த நேரத்தில் செவந்தி தோழி அழகியின் வீட்டுத் திண்ணையில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஜெயித்துக்கொண்டும் இருந்தாள். ஜெயிக்கிறவள் பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடுவாளா? ஆட்டம் முடிந்து வீட்டுக்கு ஓடி வந்தபோது, வறட்டி எல்லாம் பழையபடி சாணியாகிவிட்டிருந்தது.

ஆத்தா திட்டவில்லை. "போகுது விடு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று செவந்திக்குத் தோன்றியது.

இப்போது தம்பி இருமும்போதெல்லாம் அந்தப் பாண்டி ஆட்டம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தெருவில் பொறுக்கிய சுள்ளி எல்லாம் பனியில் நனைந்து புகைந்தது. எரியவில்லை. ஆத்தா காட்டிலிருந்து கொண்டுவரும் விறகு சாயங்காலக் கஞ்சிக்கே சரியாக இருந்தது.

பக்கத்து வீடு சொர்ணம் அத்தை வீடு. அத்தை தனியாள். ஒரு பசு மாடும் ஒரு கன்றுக்குட்டியும்தான் துணை. மாட்டுக் கொட்டகை ஓரத்தில், மழைச் சொட்டுகூடப் படாத இடத்தில், அத்தையின் வறட்டி அடுக்கு இருந்தது. காய்ந்த வறட்டி. தொட்டாலே கணீர் என்று சத்தம் வரும்போல் இருந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் செவந்தி தண்ணீருக்குப் போகிறவள்போல் போனாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். நாலு வறட்டியை எடுத்துப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏது புள்ள?" என்றாள் ஆத்தா.

"மந்தையில கெடந்துச்சு, ஆத்தா."

ஆத்தாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்பில் செருகினாள். வெந்நீர் காய்ந்தது. தம்பி குளித்தான், சிரித்தான், தூங்கினான். செவந்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால் மறுநாளும் எடுத்தாள்.

மறுநாள் ஆத்தா கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கும் வேலை செவந்திக்கு வந்தது. வறட்டியைத் திருப்பினாள். அதன்மேல் கை பதிந்திருந்தது. வறட்டி என்றால் தட்டியவருடைய கை பதிந்துதான் இருக்கும். அதில் அதிசயம் இல்லை. ஆனால் இந்த வறட்டியில் நாலு விரல்தான் இருந்தது. நடு விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வெறும் இடம்.

சொர்ணம் அத்தையின் வலது கையில் மோதிர விரல் கிடையாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது உருளையில் சிக்கிப் போய்விட்டது. அது ஊருக்கே தெரியும்.

அத்தையே வந்து அடுப்பு முன்னால் கையை விரித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. செவந்தி படக்கென்று அந்த வறட்டியை நெருப்புக்குள் தள்ளினாள். முகம் சுட்டது. நெருப்பு பட்டதால் இல்லை.

அன்றைக்குக் குடத்தோடு போகும்போது அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வலது கையை அக்குளில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்ன அத்தை, கை வலிக்குதா?"

"பனிக்கு மரத்துப் போச்சு, புள்ள. வெரல் மடங்கவே மாட்டேங்குது. காம்பைப் புடிச்சா மாடு ஒதைக்குது. தெனமும் காலையில வெந்நியில கையை முக்கிட்டுத்தான் பால் கறப்பேன்."

"இன்னைக்கு வெந்நி வைக்கலையா?"

"எங்கிட்டு வைக்கிறது? அடுக்குல வறட்டி கொறையுது. பெருக்கான்தான் இழுத்துட்டுப் போகுதோ என்னமோ. தை முடியுற வரைக்கும் வரணும்ல? அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கலாம்னு இருக்கேன்."

பெருக்கான் என்றால் பெருச்சாளி! செவந்திக்குத் தன் பின்னால் ஒரு வால் முளைத்துவிட்ட மாதிரி இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

'எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது.' இதுதான் அவள் போட்ட திட்டம். திட்டத்தின் முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அத்தை சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லிவிட்டு வயலுக்குப் போயிருந்தாள். செவந்தி மந்தையில் கூடை நிறையச் சாணி பொறுக்கினாள். வைக்கோல் தூளைப் போட்டு மிதித்துப் பிசைந்தாள். அத்தை வீட்டுப் பின்சுவரில் தட்டப் போனாள். கை சுவர் அருகே போனதும் நின்றுவிட்டது.

ஐந்து விரல் பதிந்தால் வேறு யாரோ தட்டியது என்று தெரிந்துவிடுமே! நாலு விரல் என்றால், 'நாம்தான் என்றைக்கோ தட்டிவிட்டு மறந்துவிட்டோம்' என்று அத்தை நினைத்துக்கொள்வாள். அடடா, என்ன மூளை!

மோதிர விரலை மட்டும் மடக்கிப் பார்த்தாள். சுண்டு விரலும் கூடவே மடங்கியது. சுண்டு விரலை நிமிர்த்தினால் மோதிர விரலும் எழுந்துகொண்டது. நீங்களும் மடக்கிப் பாருங்கள், அந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றையொன்று விடாது. கடைசியில் வாழைநாரை எடுத்து மோதிர விரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பளார், பளார் என்று எட்டு வறட்டி தட்டினாள். எல்லாவற்றிலும் நாலு விரல். திருப்தியோடு வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

திங்கட்கிழமை காலையில் தெருவே கூச்சலாக இருந்தது.

கூச்சல் போட்டவர் எதிர்வீட்டுச் சோலையப்பன் மாமா. வண்டி ஓட்டுகிறவர். அவர் மெதுவாகப் பேசினாலே பஞ்சாயத்து ரேடியோ தோற்றுவிடும். இப்போது அவர் மெதுவாகப் பேசவில்லை. தம்முடைய மகன் பழனிச்சாமியின் காதைத் திருகிப் பிடித்துக்கொண்டு, அத்தையின் பின்சுவர் முன்னால் நின்றார்.

"ஏண்டா, ஊர்ல ஒருத்தரையும் விடமாட்டியா? வாத்தியார் நடக்குற மாதிரி நடந்து காட்டுனே, சரி. நான் கொறட்டை விடுற மாதிரி விட்டுக் காட்டுனே, அதையும் விட்டேன். இப்ப சொர்ணத்தோட கையையா கேலி பண்றே?"

"நான் இல்லப்பா! நெசமா நான் இல்ல!"

"நீ இல்லாம, சுவரே தட்டிக்கிச்சா?"

செவந்திக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சுவரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. எட்டு வறட்டி, எட்டிலும் நாலு விரல், எல்லாமே குட்டிக் குட்டிக் கை. அத்தையின் கையில் பாதிகூட இல்லை. யார் பார்த்தாலும் ஏதோ ஒரு சின்னப் பிள்ளை விரலை மடக்கிவைத்துக் கேலி செய்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

"விடுங்கண்ணே" என்றாள் சொர்ணம் அத்தை. குரலில் கோபமே இல்லை. "வெரல் இல்லாதது இல்லாததுதானே. சுவத்துல வேற அச்சடிச்சு வைக்கணுமாக்கும்."

சொல்லிக்கொண்டே வலது கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அந்தக் கையால் அத்தை கோலம் போட்டிருக்கிறாள், பால் கறந்திருக்கிறாள், செவந்திக்குத் தலை பின்னிக்கூட விட்டிருக்கிறாள். ஒருநாளும் மறைத்ததில்லை.

செவந்தி அங்கிருந்து ஓடிவிட்டாள்.

சோலையப்பன் மாமாவின் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் போய் ஒடுங்கிக்கொண்டாள். உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தது. தெருநாய் செவலை, நாலு குட்டிகளோடு சுருண்டு படுத்திருந்தது. ஒரு தடவை உறுமிவிட்டு, 'சரி, நம்ம செவந்திதானே' என்பதுபோல் தலையைக் கீழே போட்டுக்கொண்டது.

செவந்தி அழுதாள். நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று முதலில் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அவள் நல்லது செய்யப் போகவில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் விரலைக் கட்டினாள்.

தெருவிலிருந்து சத்தம் கேட்டது. "அப்பா, வலிக்குதுப்பா! நான் இல்லப்பா!"

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. வெளியே வந்ததும் பனிக்காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் உள்ளே குளிரே இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. நினைத்துப் பார்க்க நேரமில்லை. ஓடினாள்.

"மாமா, அவனை விடுங்க. நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். செவந்தி சுவர் அருகே போனாள். இடது கையால் மோதிர விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வறட்டியின்மேல் வலது கையை வைத்தாள். அச்சில் வைத்ததுபோல் பொருந்தியது. வாழைநார் அறுத்த கோடு விரலில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"கேலி பண்ணல, அத்தை. ஒங்க வறட்டியை எடுத்தது பெருக்கான் இல்ல. நான்தான். தம்பிக்கு வெந்நி வைக்க எடுத்தேன். திருப்பித் தரணும்னு தட்டுனேன். நீங்க தட்டுன மாதிரியே இருக்கணும்னு..."

சோலையப்பன் மாமாவின் கை தானாக மகனின் காதை விட்டது.

"ரெண்டு வறட்டி குடுங்க அத்தைன்னு கேட்டா தரமாட்டேனா?" என்றாள் அத்தை.

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

"எடுக்க வெக்கமா இல்லையா?"

செவந்தி தரையைப் பார்த்தாள். அத்தை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டத்துக்குப் பின்னால் ஆத்தா நின்றுகொண்டிருந்தாள். அடிப்பாள் என்று செவந்தி நினைத்தாள். ஆத்தா அடிக்கவில்லை. "அந்த வெந்நியிலயா எம்புள்ளையைக் குளிப்பாட்டுனேன்?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, தலை குனிந்து வீட்டுக்கு நடந்தாள். ஆத்தா தெருவில் தலை குனிந்து நடந்து செவந்தி பார்த்ததே இல்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது எதுவும் செவந்தியின் காதில் ஏறவில்லை. திரும்பி வரும் வழியில் பழனிச்சாமி அவளை மறித்தான்.

"எங்காதுக்கு என்ன சொல்றே?"

செவந்தி தலையைச் சாய்த்துக் காட்டினாள். "எங்காதையும் திருகிக்க."

அவன் யோசித்தான். கையைக்கூட நீட்டினான். பிறகு, "வேணாம் போ. பொங்கலுக்குக் கடலை உருண்டை புடிப்பீங்கள்ல, ஒம்பங்கை எனக்குக் குடுத்துரு" என்றான்.

"எல்லாமேவா?"

"காது இன்னும் எரியுது, பாரு."

"சரி, எல்லாமே" என்றாள் செவந்தி.

நடந்துகொண்டே வந்தவளுக்கு வைக்கோல்போர் கண்ணில் பட்டது. காலையில் உள்ளே குளிரே இல்லையே! செவலை அங்கே அடுப்பா வைத்திருக்கிறது? வறட்டியா எரிக்கிறது? ஒன்றும் இல்லை. சுற்றிலும் வைக்கோல், நடுவில் அதன் உடம்புச் சூடு. அந்தச் சூடு வெளியே போகாமல் அங்கேயே இருக்கிறது. நாய்க்குட்டியின் சூடு போகாது என்றால், வெந்நீர்ப் பானையின் சூடு மட்டும் போய்விடுமா?

சோலையப்பன் மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். செவந்தி அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, கொஞ்சம் வைக்கோல் எடுத்துக்கிறட்டுமா?"

"பார்றா, கேக்குறாளே!" என்று அவர் சிரித்தார். அவர் சும்மாதான் சொன்னார். செவந்திக்குச் சுருக்கென்று குத்தியது. "எடுத்துக்க ஆத்தா, எடுத்துக்க. ரெண்டு கட்டாவே எடுத்துக்க."

சாயங்காலம் ஆத்தா கஞ்சி காய்ச்சி இறக்கினாள். அடுப்பில் தணல் மிச்சம் இருந்தது. எப்போதும் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவார்கள். "அணைக்காத ஆத்தா" என்று செவந்தி அதன்மேல் தண்ணீர்ப் பானையை ஏற்றினாள். காய்ந்ததும் மூடி போட்டு, கூடையில் வைக்கோல் பரப்பி, பானையை நடுவில் இறக்கி, மேலேயும் அள்ளிப் போட்டாள்.

காலையில் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

"வைக்கோலுக்குக் காய்ச்சலா வரும், சுடுறதுக்கு?" என்றாள் ஆத்தா. அவள் செவந்தியிடம் பேசி ஒரு நாள் முழுதும் ஆகியிருந்தது. கேலியாக இருந்தாலும் பேசினாளே என்று இருந்தது.

செவந்தி மறுபடியும் போய்ச் செவலையைப் பார்த்தாள். அது குட்டிகளை வயிற்றோடு இறுக்கி, மூக்கை வாலுக்குள் செருகி, விரல் நுழைய இடமில்லாமல் படுத்திருந்தது. ஓகோ! நாம் போட்டது சும்மா தூவிவிட்ட வைக்கோல். இடைவெளி இருந்தால் சூடு நடந்து போய்விடும்.

இந்தத் தடவை பானையைச் சுற்றி வைக்கோலைக் குத்திக் குத்தி இறுக்கித் திணித்தாள். அடியிலும் திணித்தாள். மேலே போட்டு மூடப் பழனிச்சாமி ஒரு சாக்கு கொண்டுவந்து கொடுத்தான். "இதுக்குத் தனியா உருண்டை வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். மிச்ச வைக்கோலில் ஒரு பங்கைப் பாய்க்கு அடியில் பரப்பினாள். இன்னொரு பங்கைச் சுருட்டி, பூனை நுழையும் சந்தில் அடைத்தாள். பூனைக்குத்தான் கோபம். தம்பிக்கு அன்று இருமல் குறைந்தது.

விடிந்ததும் சாக்கை விலக்கி மூடியைத் திறந்தாள். ஆவி வந்தது! விரலை விட்டுப் பார்த்தாள். கொதிக்கவில்லை. ஆனால் சூடு, நல்ல சூடு.

"ஆத்தா!" என்று கத்தினாள். ஆத்தாவும் விரலை விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு மகளையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தம்பிக்குப் பாதியை ஊற்றிக்கொண்டு, மீதிப் பாதியைச் சட்டியில் ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். எங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லவில்லை. செவந்திக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தை மாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"அத்தை, வெந்நி."

அத்தை சட்டியைப் பார்த்தாள். "எந்த வறட்டியில வச்சது?"

கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தாலும் செவந்தியின் கண் நிறைந்துவிட்டது. "வறட்டியே இல்ல, அத்தை. கஞ்சி காய்ச்சுன தணல்ல நேத்துச் சாயங்காலம் வச்சது. வைக்கோலுக்குள்ள பொத்தி வச்சேன். வைக்கோலும் கேட்டுத்தான் எடுத்தேன்."

அத்தையின் முந்தானை விலகியது. வலது கை மெல்ல வெளியே வந்து வெந்நீருக்குள் இறங்கியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். நீருக்குள்ளே விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, நிமிர்ந்தன.

பிறகு மாட்டின் மடியில் கை வைத்தாள். மாடு உதைக்கவில்லை. சொம்புக்குள் சர் சர் என்று பால் இறங்கியது.

"நாளைக்கும் கொண்டாருவியா?" என்றாள் அத்தை, திரும்பாமலே.

"தெனமும் கொண்டாருவேன், அத்தை."

"எனக்கும் ஒரு கூடையில அப்படிக் கட்டிக் குடுத்துரு. பனியில நீ எதுக்கு நடக்கணும்?"

பொங்கலுக்குள் தெருவில் பாதி வீட்டில் வைக்கோல் கூடை வந்துவிட்டது. பழனிச்சாமி அதை 'செவந்தியின் கோழிக் கூண்டு' என்று சொல்லி, பானைமேல் அடைகாப்பதுபோல் உட்கார்ந்து காட்டினான். அவன் அப்பாவுக்கே சிரிப்பு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அத்தை கூப்பிட்டனுப்பினாள். பின்சுவரில் செவந்தி தட்டிய எட்டு வறட்டியும் காய்ந்து, பெயர்ந்து, அடுக்கில் ஏறியிருந்தன. சுவர் காலியாக இருந்தது. கீழே பிசைந்த சாணி தயாராக இருந்தது.

"வா, ஆளுக்குக் கொஞ்சம் தட்டுவோம். ஒங்க வீட்டுக்கும் வேணும்ல?"

செவந்தி உருண்டையைக் கையில் எடுத்தாள். சுவரைப் பார்த்ததும் வெட்கம் வந்து, விரல்கள் தாமாகவே ஒடுங்கிக்கொண்டன.

"வெரலை நல்லா விரிச்சுத் தட்டு, புள்ள" என்றாள் அத்தை. "எது என்னுது, எது பெருக்கானோடதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

செவந்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். செவந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து விரலையும் விரித்து, பளாரென்று தட்டினாள். பக்கத்திலேயே அத்தை தட்டினாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி தட்டினாள்.